கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சீட்: விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலை

ஊரில் பி.எஸ்ஸி மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, கல்யாணமாகி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கிடைப்பது) கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) வந்து, சின்னவன் கிண்டர்கார்டன் போக ஆரம்பித்ததும் "இனி நான் என்ன செய்வது" என்று உட்கார்ந்து யோசித்தவர்களில் நானும் ஒருத்தி. நர்சிங் என்று முடிவு செய்து, முதல் தடவை விண்ணப்பித்துக் கோட்டைவிட்டு, இரண்டாம் தடவைதான் சீட் வாங்கினேன். அதன் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் என்று பலரும் போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது கலிஃபோர்னியா மட்டும்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் விதிகளை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், எதற்கு இவ்வளவு கூட்டம்? கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் கிடைப்பது ஏ.டி.என் என்ற இரண்டு வருட நர்சிங் பட்டம். அதை முடித்தவரும் நான்கு வருட நர்சிங் பட்டமான பி.எஸ்.என் முடித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ்-ஆர்.என் என்ற ஒரே லைசென்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். மாநிலத்தில் குடியிருப்பவர் என்ற தகுதி இருந்தால் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர்தான், 2012லிருந்து அதே தொகை. நான்கு யூனிட் பாடம் என்றால் 184 டாலர், மேலே சில்லறைக் கட்டணங்கள். தனியார் நர்சிங் பள்ளிகள் இதைப் போலப் பல மடங்கு வாங்குகின்றன. அப்புறம் ஏன் கூட்டம் வராது? பெரிய மருத்துவமனைகள் பல பி.எஸ்.என் உள்ளவர்களைத்தான் முதலில் கூப்பிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் ஏ.டி.என் முடித்து, லைசென்ஸ் வாங்கி, வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என் முடித்துவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டு பேருக்கு மட்டும் இங்கேயே ஒரு வார்த்தை. ஊரிலேயே பி.எஸ்ஸி நர்சிங்கோ ஜி.என்.எம்மோ முடித்தவர்கள் இந்த வழியில் வர வேண்டாம். மாநில நர்சிங் போர்டுக்கு நேரடியாக விண்ணப்பித்து, உங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லுங்கள். ஏதாவது குறைந்தால் அதை மட்டும் இங்கே படித்தால் போதும். எச்-4ல் இருப்பவர்கள் படிப்பதற்குத் தடை இல்லை, ஆனால் படித்து முடித்து வேலைக்குச் சேர இ.ஏ.டி என்ற வேலை அனுமதி அட்டை அல்லது கிரீன் கார்டு வேண்டும். கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஆகிவிட்டதா, எப்போது ஆகும் என்ற பேச்சைப் படிப்பைத் தொடங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

பாடத்தை எடுக்கும் முன் காலேஜைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன். பக்கத்துக் காலேஜில் அனாட்டமி சேர்ந்து, ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில்தான் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, ஒரு காலேஜுக்கு வேண்டிய பாடம் இன்னொன்றுக்கு வேண்டாம், ஒன்று ஏற்கும் ஆன்லைன் லேபை இன்னொன்று ஏற்காது, ஒன்று அறிவியல் பாடங்கள் 7 வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று வருடக் கணக்கே கேட்பதில்லை.

நம் ஊர் இன்ஜினியரிங் கட்-ஆஃப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். இங்கே ஒரே கவுன்சிலிங், ஒரே ரேங்க் லிஸ்ட் கிடையாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வரும்போது பல அளவுகோல்களை வைத்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்க மாநிலக் கல்விச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது ஒவ்வொரு காலேஜின் கையில். சில இடங்களில் மதிப்பெண் அடிப்படை, சில இடங்களில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் குலுக்கல், சில இடங்களில் இரண்டும் கலந்து. 3.9 ஜி.பி.ஏ (4க்குக் கணக்கிடும் சராசரி கிரேடு) வைத்துக்கொண்டு குலுக்கல் காலேஜில் மட்டும் விண்ணப்பிப்பவர் தன் உழைப்பை வீணாக்குகிறார். 3.0 வைத்திருப்பவருக்கோ அந்தக் குலுக்கல்தான் நல்ல வாசல்.

அதனால் ஒரு சனிக்கிழமை உட்காருங்கள். வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள காலேஜ்களை எழுதுங்கள். எங்கள் பக்கம் என்றால் குப்பர்ட்டினோவில் டி ஆன்சா, சான் ஹோசேயில் எவர்கிரீன் வேலி, ஓலோனியின் நியூவார்க் வளாகம், ஹேவர்டில் ஷாபோ, கொஞ்சம் தள்ளி காலேஜ் ஆஃப் சான் மடேயோ. ஒவ்வொன்றின் நர்சிங் பக்கத்திலும் தேர்வு முறையை விளக்கும் ஒரு பி.டி.எஃப் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, பேனாவால் கோடிட்டுப் படியுங்கள். நான் ஒரு பழைய நோட்டில் குறுக்கே காலேஜ் பெயர், நெடுக்கே பாடங்கள் என்று கட்டம் போட்டு நிரப்பினேன். அந்த ஒரு பக்கம் எனக்குச் சொன்னதை எந்தக் கவுன்சிலரும் சொல்லவில்லை. கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர் இல்லை, காலேஜில் பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பவர். அவரையும் பாருங்கள், இலவசம்தான், ஆனால் கட்டத்தை நிரப்பிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

காலேஜை எடைபோட இன்னொரு வழி, மாநில நர்சிங் போர்டின் இணையதளம். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலும், அவற்றின் மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே என்க்ளெக்ஸ் தேறினார்கள் என்ற கணக்கும் வருடவாரியாக அங்கே இருக்கிறது. 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போர்டின் விதி. அந்தப் பட்டியலில் பெயரே இல்லாத பள்ளி ஒன்று உங்களுக்கு விளம்பரம் அனுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

கட்டணத் தகுதியும் ஊர் சான்றிதழ்களும்

46 டாலர் என்பது கலிஃபோர்னியாவாசிக்கு. அதற்குச் செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்ததையும், இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். டிரைவர் லைசென்ஸ், மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் போன்றவை வேண்டியிருக்கும். எச்-4ல் இருப்பவர்களும் இந்தத் தகுதியைப் பெறலாம். நிறையப் பேர் "நமக்குக் கிடைக்காது" என்று தாங்களாகவே முடிவு கட்டி, வெளிமாநிலக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் விசா விவரங்களை ஏனோதானோ என்று நிரப்பினால் கம்ப்யூட்டர் தானாகவே வெளிமாநிலத்தவர் என்று போட்டுவிடும். அப்படி வந்தால் பதறாமல் காகிதங்களை எடுத்துக்கொண்டு அட்மிஷன் அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

அப்புறம் ஊர் டிகிரி. மார்க் ஷீட்டை அப்படியே கொடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். டபிள்யூ.ஈ.எஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் உங்கள் பல்கலைக்கழகமே டிரான்ஸ்கிரிப்டை (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல்) நேரடியாக அனுப்ப வேண்டும். ஊரில் அப்பாவோ அண்ணனோ பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நான்கு தடவை நடக்க வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். எனக்கு என் அப்பா நடந்தார், மூன்றாவது தடவை "சார் லீவு" என்று திருப்பி அனுப்பினார்களாம்.

அத்தனையும் முடித்து வந்த மதிப்பீட்டால் எனக்குப் பொதுக்கல்விப் பாடங்கள் சில கழிந்தன. மைக்ரோபயாலஜி? மூன்று வருடம் அதையே படித்த எனக்கு, "வெளிநாட்டு லேப் பாடம் ஏற்பதில்லை, இங்கே ஒருமுறை எடுத்துவிடு" என்றார்கள். கோபம் வந்தது. எடுத்தேன். கிராம் ஸ்டெய்னிங் செய்யும்போது பக்கத்து மேசைப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் செய்தார்கள், ஏ வந்தது, கோபம் போய்விட்டது. சில காலேஜ்கள் ஏற்கும், பல ஏற்காது. ஏற்பதாக யாராவது வாயால் சொன்னால் ஈமெயிலில் எழுதி வாங்குங்கள்.

முன்தகுதிப் பாடங்கள்: உண்மையான போட்டி இங்கேதான்

ப்ரீ-ரெக் என்று எல்லாரும் சொல்வது இவைதான்: லேபோடு அனாட்டமி, லேபோடு ஃபிசியாலஜி, லேபோடு மைக்ரோபயாலஜி, காலேஜ் அளவு ஆங்கிலக் கட்டுரைப் பாடம். இவற்றோடு காலேஜைப் பொறுத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, மனித வளர்ச்சி, சோஷியாலஜி அல்லது ஆந்த்ரபாலஜி, ஸ்பீச். அனாட்டமிக்கு முன்பே ஒரு அடிப்படை பயாலஜி, கெமிஸ்ட்ரி கேட்கும் இடங்களும் உண்டு. எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஓடிவிடும். அதாவது இரண்டு வருடப் படிப்பு என்பது கடைசியில் நான்கு வருடம். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டி ஆன்சா போன்ற காலேஜ்கள் செமஸ்டர் இல்லாமல் அதைவிடச் சின்னப் பருவமான குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். பாதி இங்கே பாதி அங்கே என்று அனாட்டமி, ஃபிசியாலஜியைப் பிரித்து எடுத்தால் பின்னால் கணக்கு இடிக்கும். ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடியுங்கள்.

இந்தப் பாடங்களில் கிடைக்கும் கிரேடைப் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் 'சி' வாங்கிவிட்டால் அது தேர்ச்சி, பொதுவாக அந்தப் பாடத்தை மறுபடி எடுத்து 'ஏ' ஆக்க முடியாது. டி, எஃப் வாங்கியவருக்கு மறு வாய்ப்பு உண்டு, சி வாங்கியவருக்கு இல்லை. அநியாயம்தான், ஆனால் விதி அது. அதே சமயம் நடுவில் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' விழும், அதுவும் ஒரு முயற்சியாகத்தான் கணக்கு, மொத்தம் மூன்று முயற்சிதான், அறிவியல் பாடத்தை எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று பார்த்து மதிப்பெண் குறைக்கும் காலேஜ்களும் இருக்கின்றன. ஆனால் முதல் சில வாரங்களில் ஒரு தேதி வரை விலகினால் டபிள்யூ கூட விழாது. பாடம் தொடங்கிய அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். முதல் லேப் தேர்வு அதற்கு முன் வந்து, அதில் மோசமாகப் போனால், தயங்காமல் விலகி அடுத்த செமஸ்டரில் வாருங்கள்.

அதனால்தான் அனாட்டமியையும் ஃபிசியாலஜியையும் ஒரே செமஸ்டரில் எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அனாட்டமியில் எலும்பில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பெயர் உண்டு, ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போகும். நான் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, குளியலறைக் கண்ணாடியில் ஒயிட்போர்டு பேனாவால் எலும்பு வரைந்து பெயர் எழுதி அழித்துக்கொண்டிருப்பேன். பெரியவள் ஒரு நாள் சாப்பிடும்போது "அம்மா, இது ஹ்யூமரஸ்தானே" என்று கோழிக் காலைக் காட்டினாள். இறக்கையில்தான் ஹ்யூமரஸ், காலில் ஃபீமர் என்று திருத்தினேன். அந்த வாரத் தேர்வில் அந்தக் கேள்வி மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அனாட்டமியில் இடம் கிடைப்பதே தனிப் போராட்டம். புது மாணவருக்குப் பதிவு தேதி கடைசியில் வரும், அதற்குள் வகுப்பு நிரம்பிவிடும். நான் காத்திருப்புப் பட்டியலில் 7ஆவதாக இருந்தேன். முதல் நாள் வகுப்புக்கு முன்னதாகவே போய், பின்வரிசையில் நின்றுகொண்டே நோட்ஸ் எடுத்தேன். வராதவர்களின் பெயரை ஆசிரியர் அடித்துவிட்டு, நின்றவர்களுக்கு வரிசைப்படி அனுமதி எண் கொடுத்தார். எனக்கு முன் இருந்த மூன்று பேர் வரவே இல்லை. பட்டியலில் இருந்தால் முதல் நாள் நேரில் போங்கள், அவ்வளவுதான் ரகசியம்.

டீஸ் தேர்வு

நர்சிங் சேர்க்கைக்குக் காலேஜ்கள் கேட்கும் நுழைவுத் தேர்வு இது. முழுப் பெயர் ஏ.டி.ஐ டீஸ், இப்போது 7ஆவது பதிப்பு. 170 கேள்விகள், 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சிக்கு மொத்தத்தில் 62 சதவீதம் வேண்டும். ஆனால் மதிப்பெண் முறைக் காலேஜ்களில் 62ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, 80க்கு மேல் குறி வையுங்கள்.

நம்மவர்களுக்குக் கணக்கு பிரச்சினையே இல்லை, பின்னம், சதவீதம், விகிதம்தான். அவுன்ஸ், பவுண்டு, கேலன், கப் இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மெட்ரிக்கில் வளர்ந்த நமக்கு அங்கேதான் தடுமாறும். அறிவியலில் பெரும்பங்கு அனாட்டமி, ஃபிசியாலஜி, அதனால் அவற்றை முடித்த சூட்டோடு தேர்வு எழுதுங்கள். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது ஆங்கிலப் பகுதி. 37 நிமிடத்தில் 37 கேள்வி, காற்புள்ளி எங்கே அரைப்புள்ளி எங்கே என்று. ஆங்கில மீடியத்தில் படித்தேன் என்ற தைரியத்தில் அதைப் படிக்காமல் போகாதீர்கள். பணம் கட்டும் முன், உங்கள் காலேஜ் எத்தனை முயற்சிகளை ஏற்கும், முதலில் தேறிய மதிப்பெண்ணை எடுக்குமா, உயர்ந்ததை எடுக்குமா என்று பாருங்கள். முதலில் தேறியதைத்தான் எடுப்போம் என்னும் இடத்துக்குச் சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று போய் 64 வாங்கினால், அந்த 64தான் உங்கள் மதிப்பெண்.

தமிழுக்கும் மதிப்பெண் உண்டு

கிரேடும் டீஸும் போக, சட்டம் சொல்லும் அளவுகோல்களில் வேலை அனுபவம், தன்னார்வப் பணி, ஏற்கெனவே உள்ள டிகிரி, வாழ்க்கைச் சூழல், ஆங்கிலம் அல்லாத மொழி எல்லாம் வருகின்றன. மொழிகளுக்கு உதாரணமாகச் சட்டத்திலேயே ஸ்பானிஷ், சீனம், டகாலோக் ஆகியவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளும் குறிப்பிடப்பட்டுள்ளன. எனக்கு இதைச் சொன்னது ஒரு பிலிப்பினோ தோழி. அதுவரை அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று டிக் செய்ய இருந்தேன்! காலேஜ் தன் பட்டியலில் எந்த மொழிகளை வைத்திருக்கிறது, நிரூபிக்க என்ன கேட்கிறது என்பது மாறும். சில இடங்களில் கடிதம், சில இடங்களில் தேர்வு, சில இடங்களில் அந்த மொழியில் படித்த டிரான்ஸ்கிரிப்ட். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண்தான், ஆனால் கடைசி இடங்கள் அந்த ஒன்றிரண்டில்தான் கைமாறுகின்றன.

வாழ்க்கைச் சூழல் என்ற பகுதியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். குறைந்த வருமானம், வீட்டில் முதல் பட்டதாரி, உடல் குறைபாடு, வேலை செய்துகொண்டே படித்தது, கடினமான குடும்பச் சூழல் என்று பல வரும். அனுதாபம் தேடிக் கதை எழுதச் சொல்லவில்லை, கேட்கும் காகிதத்தை மட்டும் வையுங்கள்.

வேலை அனுபவத்துக்கு எளிய வழி சி.என்.ஏ, அதாவது நர்சிங் உதவியாளர் பயிற்சி. இங்கே குறைந்தது 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நோயாளிகளோடு. இ.ஏ.டி இருப்பவர்கள் முடித்துவிட்டு வேலைக்கும் போகலாம். மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன், படுக்கையில் இருக்கும் 90 வயதுத் தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, உடை மாற்றும்போது இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் மூன்றாம் நாளே நின்றுவிட்டார். அனாட்டமிக்கு இரண்டு வருடம் செலவழித்த பிறகு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

விண்ணப்பம் திறக்கும் வாரங்கள்

சில வாரங்கள்தான் திறந்திருக்கும், அதன் பிறகு மூடிவிடும். பொது விண்ணப்பமான சி.சி.சி அப்ளையில் முன்கூட்டியே பதிவு செய்து மாணவர் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நர்சிங் விண்ணப்பம் அதற்கு மேல் தனி.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். எல்லா ப்ரீ-ரெக்கும் ஒரே காலேஜில் முடித்திருந்தேன், ஸ்பீச் மட்டும் கோடை விடுமுறையில் வேறொரு காலேஜில் ஆன்லைனில் எடுத்தேன். அந்த ஒரு பாடத்துக்கான அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்டை அனுப்பாமல், நானே பதிவிறக்கிய காப்பியை இணைத்துவிட்டேன். "விண்ணப்பம் முழுமையில்லை" என்று இரண்டு வரி ஈமெயில், என் ஜி.பி.ஏவை யாரும் பார்க்கவே இல்லை. ஒரு வருடம் போனது. படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும், நீங்கள் விலகிய பாடமாகவே இருந்தாலும், டிரான்ஸ்கிரிப்ட் நேரடியாகப் போக வேண்டும். அனுப்பிய பிறகு போய்ச் சேர்ந்ததா என்று, விண்ணப்பம் மூடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள்.

எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம்? தகுதி இருக்கும் எல்லா இடத்துக்கும். பல இடங்களில் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் மறுபடி. மாற்றுப் பட்டியலில் (யாராவது விலகினால் இடம் தருவதற்கான பட்டியல்) பெயர் வந்தால், வகுப்பு தொடங்கும் முந்தைய வாரம்கூட அழைப்பு வரும், அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

கிடைத்துவிட்டால்

ஈமெயில் வந்த நாளிலிருந்து சில நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். அடுத்து பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை. கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி சரி என்றாலும் அதில் அகப்பட்டால் சீட் போகும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ் (அடிப்படை உயிர்காப்பு முதலுதவி) சான்றிதழ், உடல் பரிசோதனைப் படிவம், தடுப்பூசிப் பட்டியல் என்று அடுத்தடுத்து வரும். ஊரில் போட்ட தட்டம்மை, சின்னம்மை ஊசிகளுக்குச் சீட்டு இல்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டிவிடலாம். ஹெபடைடிஸ் பி ஊசி முறைப்படி போட்டு முடிக்க மாதங்கள் ஆகும், அதை மட்டும் சீட் வரும் முன்பே தொடங்குங்கள்.

காசநோய்ப் பரிசோதனையில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிறந்தவுடன் நமக்கெல்லாம் பி.சி.ஜி போட்டிருப்பார்கள், தோளில் தழும்பு இருக்கும். அதனால் கையில் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை, நோய் இல்லாமலேயே வீங்கிக் காட்டலாம், பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைய வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் ஊசியை எடுக்கும் முன்பே தழும்பைக் காட்டி, "எனக்கு குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை போதுமா என்று காலேஜில் கேட்டுவிட்டேன், போதும் என்றார்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு முன் காலேஜில் நிஜமாகவே கேட்டுவிடுங்கள்.